உயரப் போன பந்து

ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானத்தில் பேஸ்பால் பார்க்க மகள் என்னைக் கூட்டிப்போயிருந்தாள். பந்து நம் பக்கம் வந்தால் பிடிக்கலாம் என்று கையுறையும் வாங்கியிருந்தாள். மட்டையில் பட்ட பந்து நேரே வானத்துக்கு ஏறியது. ஆயிரக்கணக்கான முகங்கள் ஒன்றாக அண்ணாந்தன, சத்தம் அடங்கியது. நான் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட கிரிக்கெட்டுக்கு அப்பாதான் அம்பயர். டாஸ் போடுமுன் இரண்டு அணிகளையும் எல்லைக்கோட்டருகே பதுங்குகுழியாக வெட்டிய பங்கருக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகுதான் ஆட்டம். காய்ந்த புல்லும் வெட்டிய மண்ணும் மணக்கும். பந்து எவ்வளவு உயரம் போனாலும் அப்பா அண்ணாந்து பார்க்கமாட்டார். தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தபடி நிற்பார்.

ஒருநாள் பந்து உயரப் போயிருந்தபோது பொம்மர் விமானத்தின் இரைச்சலும் அவருக்குத்தான் முதலில் கேட்டது.

"பந்தை விட்டிட்டு ஓடுங்கோ" என்றார்.

எல்லோரும் ஓடினோம். என் அண்ணை மட்டும் கைகளைக் குவித்தபடி பந்துக்குக் கீழே நின்றார். குண்டு விழுந்து, பங்கருக்குள் எங்கள் முதுகில் மண் கொட்டியது.

இப்போது பந்து எங்கள் பக்கம் இறங்கியது. மகள் கையுறையை உயர்த்தினாள். நான் அவளை இழுத்து இருக்கைக்குக் கீழே அமுக்கினேன்.

"அப்பா, அது பந்துதானே" என்றாள்.

"ஓம் பிள்ளை. உன்ர பெரியப்பாவும் பந்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்."