நீல மேகமும் பெண்கள் பக்கப் படங்களும்

கல்யாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும் படம் பிடிப்பவள் நான். மாத்தளையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஆண் கேமராக்காரருக்கு அந்த அறைக்குள் இடமில்லை. முக்காட்டை எடுத்துவிட்டு மணமகள் கேமராவைப் பார்க்கும் முன் என்னிடம் வாக்கு வாங்கிக்கொள்வாள்: படம் நெட்டுக்குப் போகாது, ஆம்பிளைக் கண்ணில் படாது. அந்த வாக்கை நம்பித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

புது லெப்டொப் வாங்கினேன். திறந்ததுமே ஈமெயில் கேட்டு உயிரை எடுத்தது. எனக்கென்று ஒன்று ஏது? கட்டாரில் வேலை செய்யும் தம்பியின் ஈமெயிலைத்தான் எங்கள் வீட்டில் லைட் பில் தொடக்கம் எல்லாவற்றுக்கும் கொடுப்போம். அதையே பாஸ்வேர்டோடு கொடுத்தேன். பக்கத்து ஊர் நாலந்தாவில் எடுத்த கல்யாணப் படங்களை டெஸ்க்டொப்பில் போட்டு, அடுத்த வேலைக்காகக் கேமரா கார்டையும் அழித்தேன்.

படங்களின் மூலையில் சின்னதாக ஒரு நீல மேகம். இது என்ன சனியன் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி போன் எடுத்தான்.

"ராத்தா, என் போன்ல யாரோ பொம்பளைங்க போட்டோவா வருது. ஒரு மணமகள் முடிய விரிச்சுப் போட்டுட்டு இருக்காங்க. கண்டதும் மூடிட்டேன்."

யா அல்லாஹ்! கம்ப்யூட்டரோடு கேட்காமலே ஒட்டிக்கொண்டு வந்த சேமிப்பு மென்பொருள், டெஸ்க்டொப்பை அப்படியே அவன் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனால், பாதுகாப்புப் போய்விடும், உறுதியா என்று கேட்கிறது. யாருடா உன்னிடம் பாதுகாப்புக் கேட்டது? உட்கார முடியவில்லை. குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், தேத்தண்ணி போடாமலே அணைத்தேன்.

திரும்பி வந்தால் டெஸ்க்டொப்பில் ஒரு படமும் இல்லை.

"நான்தான் மொத்தமா அழிச்சேன் ராத்தா, பார்க்காமலே. இனிப் பயமில்ல," என்றான் தம்பி.

"அட மடையா! அங்க அழிச்சா இங்கயும் போவுதேடா!"

அழித்தவை அவன் கணக்கின் குப்பைக் கூடையில் கிடந்தன. அவனை அந்த ஆப்பைத் தொடவே கூடாது என்று ஏசிவிட்டு, நானே உள்ளே போய் எல்லாவற்றையும் மீட்டேன், பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு கணக்கின் தொடுப்பைத் துண்டித்து, மென்பொருளை வேரோடு கழற்றி, அவன் கணக்கில் கிடந்ததையும் கூடையையும் துடைத்தேன். நீல மேகம் போய்விட்டது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கடைசியில் மணமகளுக்கே போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"உங்க தம்பி பார்த்தது எந்தப் படம் ராத்தா?"

"நீங்க முடிய விரிச்சுப் போட்டுட்டு எடுத்தது, தங்கச்சி."

அவள் கோபப்படவில்லை.

"அத முதல்ல என் மாப்பிள்ளைக்குத்தான் காட்டணும்னு இருந்தேன் ராத்தா," என்றாள்.