கம்மல் கழற்றிய மாடு

எங்கள் பக்கம் செத்தவரை நகையோடு புதைக்க மாட்டோம். மூக்குத்தி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் குழியில் இறக்குவோம். புயலில் கொட்டகைச் சுவர் இடிந்து விழுந்து என் மாடு செத்தபோது அதற்கும் அப்படித்தான் செய்தேன். மூக்கணாங்கயிற்றை அவிழ்த்தேன். மாட்டாஸ்பத்திரியில் காதில் குத்தியிருந்த மஞ்சள் நம்பர் வில்லையைக் கத்தியால் அறுத்தெடுத்தேன். அதை நாங்கள் கம்மல் என்றுதான் சொல்வோம். பக்கத்து உப்பளத்து ஆட்கள் வந்து மேட்டில் குழி வெட்டினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் கரையாமல் தப்பிய உப்பில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து குழிக்குள் கொட்டினார்கள். மாட்டு டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், அவர் வருவதென்றால் படகில்தான் வரவேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு, செத்த மாட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்றார்கள். கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"மாடு செத்துக் கெடக்குற போட்டோவுல கம்மல் காதுல இருக்கணும்மா" என்றார் அங்கிருந்த சார். "இப்படிக் கையில எடுத்துக்கினு வந்தா, மாட்ட வித்துட்டு இத மட்டும் கொண்டாந்துட்டீங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"செத்தவ காதுல கம்மலோட யாராச்சும் பொதைப்பாங்களா சார்?"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க, தோண்டிக் காட்டுறேன். மூஞ்சியப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. குழி வெட்டியவர்களிடம் சாட்சி எழுதி வாங்கி மேலே அனுப்பினார். அதன்பிறகு எப்போது போய்க் கேட்டாலும் "மேல போயிருக்குதும்மா" என்பதுதான் பதில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும். எனக்கு எத்தனை பூசாரி என்றே தெரியவில்லை.

புருஷன் போன பிறகு உப்பளத்து ஓரத்து வீட்டில் நானும் மாடும்தான். அதனிடம் நான் பேசாத பேச்சில்லை. பதிலுக்கு ஒரு தரம் தலையை ஆட்டும், என் வீட்டுக்காரர் அதுகூட ஆட்டியதில்லை. அது போன பிறகும் விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்ய? பால் கறந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொழுது சாயும்போதுதான், இன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று நினைப்பு வரும். ஒருநாள் வெறுங்கையோடு பால் சொசைட்டிக்குப் போய் நின்றேன். பால் ஊற்ற வந்தவள் ஒருத்தி, "பாலு இல்லாம எதுக்குக்கா வந்த?" என்றாள். சும்மாதான் கேட்டாள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து மகன் போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "மாடும் இல்ல. தனியா அங்க என்னம்மா பண்ற? இங்க வந்துடு."

"பணம் வந்துடும்டா. ஒரு மாடு புடிச்சிட்டன்னா எனக்கென்ன கொறை?"

கடன் வாங்கி மாடு பிடிக்கத் துணிவில்லை. அந்தப் பணம் வந்தால் என் வீட்டில் நான் இருப்பேன், வராவிட்டால் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். எனக்குக் கணக்கு அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தேன். கதவு திறக்காமலே கிடந்ததைப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் கேட்க வந்த உப்பளத்துப் பெண்தான் உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். மகன் வந்தான். துணிமணியை எடுத்துப் பையில் வைத்தான், வீட்டைப் பூட்டினான். வரமாட்டேன் என்று சொல்ல என்னிடம் மாடு இல்லை.

சென்னையில் ஒரு காலை, பாக்கெட் பாலைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் போன் சத்தம் போட்டது. மருமகள் எடுத்துப் படித்துவிட்டு, "அத்தே, உங்க மாட்டுப் பணம் ஏறிடுச்சி! என்ன வாங்கப் போறீங்க?" என்று சிரித்தாள்.

"மாடுதான்" என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

அவள் மறுபடியும் சிரிக்கப்போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். மகன் வீடு மூன்றாவது மாடி. ஒரு மாடு வாங்கப் போதுமான பணம் வந்திருந்தது. அதைக் கட்ட எனக்கு இடமில்லை. அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.