லயமே சேர்ந்து அமுக்கிய அம்பு

நாகலெட்சுமி அக்கா வீட்டுச் சண்டையில் வாய் திறக்கமாட்டார். ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நின்றால் பத்துப் பேரைச் சிரிக்க வைப்பார். ஆனால் வீட்டில் சத்தம் கிளம்பிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு கையில் கிடைத்த வேலையைச் செய்வார். அவர் புருஷன் நல்லமுத்து அண்ணன் முன்கோபி. அக்கா நிமிர்ந்து பார்த்தால் அவருக்குக் கோபம் கூடும், குனிந்தால் அடங்கும். இத்தனை வருசக் குடித்தனத்தில் அக்கா கண்டுபிடித்த வைத்தியம் அது ஒன்றுதான். அந்த வைத்தியமே அவர் குடியைக் கெடுத்தது.

அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தோட்டம். அதில் நான் முன்பள்ளி டீச்சர். வரிசை வீடுகளான லயத்தில் அக்கா வீட்டுக்கு அடுத்த காம்பராதான் நாங்கள். நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அங்கே இருமினால் இங்கே தண்ணீர் எடுத்து வைக்கலாம். அதனால் போன தீபாவளிக்கு நடந்தது எல்லாம் எங்கள் காதிலும் விழுந்தது.

ஒரே மகள் வினோதா. கொழும்பில் புடவைக்கடையில் வேலை. தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலையும் அப்பாவுக்குச் சட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தாள். கூட வேலை செய்யும் பூண்டுலோயாப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பையன் தங்கமானவன்தான். வேறு சாதி. அவ்வளவுதான், அண்ணனுக்குச் சாமி வந்துவிட்டது. பிள்ளையை அடித்தார். இந்த வாசலைத் திரும்ப மிதிக்காதே என்றார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவில்லை. வினோதா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம், ஒரு வார்த்தை வருமா என்று. வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்சுக்கு இறங்கிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் அக்கா எழுந்தார். சுட்ட ரொட்டியைச் சம்பலோடு கடதாசியில் சுற்றிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், குறுக்குப் பாதையில் சந்தி வரைக்கும் ஓடினார். பஸ் போய்விட்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன். வினோதா பார்க்கவில்லை.

பிறகு அவளுடைய ஃபோன் எண் வேலை செய்யவில்லை. தைப்பொங்கலுக்கு அண்ணனும் அக்காவும் கொழும்புக்கே போய்க் கடையில் விசாரித்தார்கள். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். அண்ணன் அன்றைக்கு அடங்கியவர்தான், அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. முன்பு சண்டைக்குப் பயந்தோம், இப்போது அந்த அமைதிக்குப் பயந்தோம்.

பங்குனி மாதம் ஒரு நாள், என்னோடு முன்பள்ளியில் படிப்பிக்கும் தனுஜா ஃபோனை நீட்டினாள். ‘கேட்டுப்பார்’ என்று இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது. பெயரை மறைத்துக்கொண்டு எதையும் கேட்கலாம், யாரும் பதில் எழுதலாம். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் மேலே பார்க்கிற அம்பு ஒன்று, கீழே பார்க்கிற அம்பு ஒன்று. பிடித்திருந்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேல் அம்பு நிறைய வாங்கிய பதில் தலைமாட்டில் ஏறி உட்காரும். கீழ் அம்பு வாங்கியது அடியில் போய்ச் சாம்பல் நிறமாகச் சுருண்டுவிடும். வேண்டும் என்று தொட்டுத் திறந்தால்தான் படிக்கலாம்.

அங்கே ‘ஊர் சொல்லாதவள்’ என்ற பெயரில் ஒருத்தி எழுதியிருந்தாள். அப்பா அடித்து விரட்டினார், அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே இருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை. இப்போது நானும் அவரும் கட்டாருக்கு வேலைக்குப் போகிறோம். போகுமுன் சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போகட்டுமா, இல்லை இப்படியே போய்விடட்டுமா? அப்பாவின் அடி வலிக்கவில்லை, அம்மா பார்க்காததுதான் வலிக்கிறது.

அக்காவைக் கூட்டிவந்து தனுஜா வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் டீச்சர் அது. ரொட்டி தட்டுனது நாந்தான்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பதிலையும் கேளுங்கள். அடிக்கிற அப்பாவும் வேடிக்கை பார்க்கிற அம்மாவும் ஒன்றுதான், திரும்பிப் பார்க்காதே, பற! முந்நூறு பேருக்கு மேல் அமுக்கியிருந்தார்கள். எழுதியவர் எந்த ஊரோ, எந்த மெத்தையில் சாய்ந்துகொண்டு எழுதினாரோ. அடிபட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முந்நூறு பேரில் ஒருத்தராவது சந்தி வரைக்கும் ஓடினார்களா?

அக்கா சொல்லச் சொல்லத் தனுஜா எழுதினாள். அக்கா பெயரில் ஒரு கணக்குத் திறந்து, சொன்னது சொன்னபடி போட்டாள்: “மகளே, அம்மா எழுதுறேன். நான் தலையத் தூக்குனா ஒங்கப்பா இன்னும் அடிப்பாருன்னு பயந்து குனிஞ்சிருந்தேன். ரொட்டி ஒனக்குத்தான் சுட்டேன். சுத்திக்கிட்டு சந்திக்கு ஓடியாந்தேன், பஸ் போயிருச்சு. அப்பா இப்ப ஒண்ணும் சொல்லமாட்டாரு. அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வா.”

பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் குமரிப் பிள்ளை பெயரைப் போட்டு நாறடிக்க வேண்டாம் என்று அக்காவே தடுத்தார்.

மறுநாள் பார்த்தால் அந்தப் பதில் அடியில் சுருண்டு கிடந்தது. கீழே கீழே என்று அமுக்கியிருக்கிறார்கள். நாடகம் போடும் அம்மா என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அழுகையைக் காட்டி மடக்கப் பார்க்கிறாள் என்று இன்னொருத்தர். கண்ணாலே காணாத பொம்பளையை இவர்கள் அளந்த அளவு இருக்கிறதே! வேறு வழியில் மகளுக்குச் சேதி அனுப்பலாமா என்று தனுஜா தேடிப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தனிச்சேதி அனுப்ப அனுமதி இல்லையாம்.

அந்த அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டவும் எனக்கு மனசு வராது. சீனி வருத்தத்துக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடி என்று ஒரு மகான் அதே இடத்தில் எழுதியிருந்தார். அதை ஆட்கள் கீழே அமுக்கிப் புதைத்தார்கள். நல்ல காரியம், கோடி புண்ணியம். ஆனால் மாத்திரைக் கேள்வியும் அம்மாவிடம் போகட்டுமா என்ற கேள்வியும் ஒன்றா? இதற்கெல்லாமா கை தூக்கச் சொல்வது?

விசயம் தோட்டத் தலைவர் இராமையா காதுக்குப் போனது. தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் தலைவர் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேல் அம்பு கூடினால் பதில் மேலே வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றோம்.

“தொரைகிட்ட ரெண்டு பேரா போனா பியூனே வெரட்டிருவான். லயமே போயி நின்னாத்தான் கதவு தொறக்கும். இதுவும் அப்படித்தான். காலைல பெரட்டுல சொல்லிர்றேன்.”

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. பொலிசுக்குப் போவதென்றாலும், பெண் கேட்கப் போவதென்றாலும், கோபித்துக்கொண்டு போன மருமகளை அழைக்கப் போவதென்றாலும் தனியாகப் போக மாட்டோம். எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ அத்தனை மதிப்பு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலைவர் சொன்னார். அன்று வேலை விட்டதும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஆட்கள் முன்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். லயத்தில் சிக்னல் கிடைக்காது. முன்பள்ளியில்தான் ஒரு புண்ணியவான் போட்டுக்கொடுத்த வைஃபை இருக்கிறது. ஃபோன் உள்ளவர்கள் ஃபோனோடு, இல்லாதவர்கள் அண்ணன் தம்பி ஃபோனோடு. சங்கச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூட ஒரே வாங்கில் உட்கார்ந்து கணக்குத் திறந்தார்கள்.

வேலாயி அக்கா பட்டபாடுதான் பெரிய கூத்து. ஒரு தடவை அமுக்கினால் அம்பு விழும், திரும்ப அமுக்கினால் கழன்றுவிடும். அவர் ஆசையில் அமுக்கிக்கொண்டே இருந்தார். விழுகிறது, கழல்கிறது, விழுகிறது, கழல்கிறது. “வேலாயி, நீ மகளைக் கூப்புடுறியா, வெரட்டுறியா?” என்று யாரோ கேட்கவும், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாகலெட்சுமி அக்கா சிரித்தார்.

கடைசியாக நல்லமுத்து அண்ணன் வந்தார். குளித்து, வினோதா தீபாவளிக்கு வாங்கிவந்த சட்டையைப் போட்டிருந்தார். அதுவரை அதை அவர் பிரிக்கவே இல்லை. தனுஜா தன் ஃபோனிலேயே அவருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாள். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கைநாட்டு வைக்கிற மாதிரி இடது பெருவிரலை எடுத்து, அந்த அம்பின் மேல் வைத்து, நன்றாக அழுத்தினார்.

“வரட்டும் டீச்சர். யாரைக் கட்டுனா என்ன, எம்புள்ள வரட்டும்.”

அக்காவின் பதில் அன்றைக்கே மளமளவென்று ஏறி, மேலிருந்து இரண்டாவதாக வந்து நின்றது. வீட்டுக்குப் போகும்போது ஆட்கள் பேசிய பேச்சைக் கேட்டால், வினோதா அடுத்த பஸ்சில் வந்து இறங்கப்போகிறாள் என்று நினைப்பீர்கள். அக்கா போகிற வழியிலேயே கடையில் ரொட்டிக்கு மா வாங்கினார்.

மறுநாள் அந்தப் பதில் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் கிடந்தது: ‘போலிக் கணக்குகளின் வாக்குகளால் உயர்த்தப்பட்ட பதில். நீக்கப்பட்டது.’ அக்காவின் கணக்கையும் முடக்கிவிட்டார்கள், எங்கள் எல்லாருடையதையும் முடக்கிவிட்டார்கள். புதிதாகத் திறந்தால் திறந்த கையோடு பூட்டினார்கள். தனுஜா அழுது அழுது நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே மாலையில், அன்றைக்குத்தான் சேர்ந்த ஆட்கள் எல்லாரும் ஒரே பதிலுக்கு அமுக்கியிருக்கிறார்கள். இது மோசடி என்று விதி சொல்கிறதாம். ஆளுக்கு ஒரு ஊரில் தனித்தனியாக உட்கார்ந்து, யாரென்றே தெரியாதவளைப் பற்றி அமுக்கினால் அது கருத்து. பக்கத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்காக ஒன்றாக வந்து அமுக்கினால் அது களவு. நல்ல நியாயம்!

தலைவர் இராமையா இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. அவரை யாரும் குறை சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

சித்திரைக்கு முந்தின வாரம் வினோதா தன் கேள்விக்குக் கீழே திரும்ப எழுதியிருந்தாள். தனுஜா முதலில் தனியாகப் படித்துவிட்டு என்னிடம் காட்டினாள். மறைக்கலாமா என்றுகூட யோசித்தோம். பெற்றவளிடம் எதை மறைப்பது? அக்கா வீட்டுக்கே போனோம். அண்ணன் வாசலில் நின்றார். தனுஜா வாசித்தாள்:

“எல்லாருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். ஒரு பதில் அம்மா எழுதியதுபோல இருந்தது. அடியில் கிடந்ததைத் திறந்து இரண்டு தடவை படித்தேன். பஸ்சுக்குப் பையும் கட்டினேன். மறுநாள் பார்த்தால் போலி என்று நீக்கியிருந்தார்கள். ரொட்டி என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு யாரோ விளையாடியிருக்கிறார்கள். பரவாயில்லை. என் அம்மா அப்படி ஓடி வந்திருக்கமாட்டார். இன்று கிளம்புகிறோம். அங்கே போய்ச் சந்தோசமாக இருப்பேன். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

அதற்கு மட்டும் ஐந்நூறு மேல் அம்பு.

அண்ணன் பீலிக்குப் போய், விழுகிற தண்ணீருக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா!

“பாத்திருக்கா டீச்சர். ரெண்டு தரம் படிச்சிருக்கா.”

“ஆமாக்கா.”

“சந்தோசமா இருப்பேன்னு எழுதியிருக்காளா?”

எழுதியிருக்கிறாள் என்றேன். அக்கா தனுஜாவிடம் கையை நீட்டி ஃபோனை வாங்கினார். எது மேல் அம்பு என்று கேட்டுக்கொண்டார். பிள்ளை நல்லாயிருக்கட்டும், நாமும் ஒன்று போடுவோம் என்று சொல்லி, கொழுந்துக் கறை ஏறிய விரலால் அமுக்கினார். கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று திரையில் வந்து போனது. அக்காவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இலக்கம் அசையவில்லை. திரும்ப அமுக்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“விழுந்துருச்சா டீச்சர்?”

“விழுந்துருச்சுக்கா” என்றேன்.