ஃபில்டர் கிண்ணத்தில் ஆற்றுத் தண்ணீர்

பொழுது போகாமல் கதை கேட்க வந்தவர்கள் வேறு எங்காவது போய்விடுங்கள். இது எனக்கு நடந்தது. போன சித்திரையில், ஸ்ரீரங்கம் மேலூரைத் தாண்டி, கொள்ளிடக் கரை ரோட்டில் நடந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே பாதிப் பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிற ஆள் நான். அந்த வண்டி இப்போதும் புத்தூரில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து இடது பக்கத்துச் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

என் பெயர் பெலிண்டா. வாழை இலை வியாபாரம். தோப்புகளில் இலை ஏற்றி வந்து கல்யாண மண்டபங்களுக்கும் மெஸ்களுக்கும் கொடுக்கிறேன். வண்டியை நானே ஓட்டுகிறேன். முன்பெல்லாம் வீட்டோடு இருந்தவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், என் வீட்டுக்காரர் டோனி காணாமல் போனார். “நான் பாத்தேன் பெலி. பெங்களூரு பஸ்ல ஏறிப் போறான். பக்கத்துல ஒரு பொம்பள” என்று வந்து சொன்னவன் என் அண்ணன் ஜோஸ். கூடப் பிறந்த ஒரே அண்ணன். நம்பாமல் என்ன செய்வேன்? டோனியின் போட்டோவைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். அப்பா எப்ப வருவாங்க என்று மகள் கேத்தரின் கேட்கும்போதெல்லாம், “உங்கப்பன் நம்மள வேணாம்னுட்டுப் போயிட்டான்” என்று சொல்லிச் சொல்லி, அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அண்ணன்தான் தாங்கினான். தன்னுடைய டீசல் பிக்கப் வண்டியைச் சும்மாவே என் பேருக்கு மாற்றிக் கொடுத்து, ஓட்டவும் சொல்லிக் கொடுத்தான். ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்து, டோனியை என்னோடு சேர்ந்து திட்டுவான். வானத்துச் சம்மனசு மாதிரி அண்ணன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

வண்டியில் ஒரே ஒரு கோளாறு. கொள்ளிடக் கரையில் புளியமரத்து வளைவு வந்தால் இழுவை குறையும். திணறும். நின்றுவிடும். வேறு எங்கும் நிற்காது. மன்னார்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஷேக் தாவூதிடம் கொண்டுபோனேன். அவர் டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். டீசலோடு தண்ணீரும் ஒரு கை மணலும் விழுந்தன.

“என்னக்கா, ஆத்துல விட்டு எடுத்தீங்களா?”

“ரோட்டுல ஓட்டவே இப்பத்தான் கத்துக்கிட்டேன் தாவூது. ஆத்துல எங்க விடுறது?”

டேங்கைக் கழுவிக் காயவைத்தார். பிறகு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் புதிதாக ஒரு ஃபில்டரை மாட்டினார். அதன் அடியில் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கிண்ணம். ஒரு டம்ளர் தண்ணீர்தான் பிடிக்கும். கிண்ணத்தின் கீழே ஒரு திருகு. “தண்ணியும் தூசியும் பம்புக்குப் போறதுக்கு முன்னாடியே இதுல தங்கிடும்க்கா. தண்ணி தெரிஞ்சா திருகத் தளத்தி விட்டுருங்க. அவ்ளோதான்.”

டேங்கைக் கழுவி ஃபில்டர் மாட்டியதை மட்டும் அண்ணனிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், “டேங்க எதுக்குத் தெறக்க விட்ட?” என்று கத்தினான். உடனே குரலை இறக்கினான். “அந்த வண்டி வேணாம்மா. வித்துரு. நான் வேற வாங்கித் தரேன்.” பாசத்தில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

மறுநாள் சாயந்தரம் நல்லதம்பியின் தோப்பில் இலை ஏற்றினேன். புளியமரத்து வளைவுக்குப் பக்கத்தில் கரையோரமாக வாழை போட்டிருக்கிறவர் அவர். வண்டியை எடுக்கும்போது மணி ஆறு முப்பத்தைந்து. இன்னும் வெளிச்சம் இருந்தது. கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை மணல்.

வளைவு வந்தது. வண்டி குலுங்கியது. ஒரு தடவை... இன்னொரு தடவை... நின்றது.

சனியனே என்று திட்டிக்கொண்டே இறங்கினேன். ஃபில்டர் இடது கதவுக்குக் கீழே இருக்கிறது. குனிந்து பார்த்தேன். காலையில் மஞ்சளாக டீசல் தெரிந்த கிண்ணத்தில் இப்போது முழுக்கத் தண்ணீர். கலங்கல் தண்ணீர். அடியில் மணல்.

நேற்றுதானே டேங்கைக் கழுவினார்?

இலை கழுவுகிற வாளியைக் கீழே வைத்துத் திருகைத் தளர்த்தினேன். சொட்டியது. பிறகு ஒழுகியது. ஒரு டம்ளர் ஆனது. நிற்கவில்லை. இரண்டு செம்பு... மூன்று செம்பு... கால் வாளி. ஒரு பொட்டு டீசல் வாசம் இல்லை. புது வெள்ளத்தின் மண் வாடை.

சித்திரை வெயிலில் காய்ந்த வண்டி அது. தண்ணீர் ஐஸாகச் சில்லிட்டது.

வாளி நிறைந்து வழிந்தது. என் கால் நனைந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். என் தலைக்கு மேலே.

கிர்ர்... கிர்ர்...

இடது கதவின் கண்ணாடியை யாரோ உள்ளேயிருந்து சுற்றி இறக்கினார்கள்.

வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கிர்ர்... நின்றது. இரண்டு விரல் அளவு இடைவெளி.

மூச்சு வாங்குகிற சத்தம்...

“மச்சான்...”

டோனியின் குரல்.

“மச்சான்... கையக் குடு...”

எழுந்து கதவைப் பிடித்து இழுத்தேன். திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அந்த ஒரு சீட் மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

திருகு திறந்தபடியே கிடந்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

பயம் கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் வேறு ஒன்று உறைத்தது. டோனி கூட்டாளிகளைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இந்த உலகத்தில் அவர் மச்சான் என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தனை. அவனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, வண்டி நின்னுருச்சு. கொள்ளிடக் கரையில.”

“அந்தப் புளியமரத்து வளைவுலயா?”

நான் வளைவைப் பற்றி அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

“ஆமாண்ணே. உன்ன இங்க ஒருத்தர் கூப்புடுறாரு.”

போன் அணைந்தது. இன்று வரைக்கும் அணைந்துதான் கிடக்கிறது. மறுநாள் விடிந்தபோது அவன் வீடு பூட்டியிருந்தது. ஆள் எங்கே போனான் என்று போலீசுக்கும் தெரியவில்லை.

திருகை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. வீடு வரைக்கும் இடது பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்று தெரியும். “வீட்டுக்குப் போலாங்க” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வளைவில் இந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று மறுநாள் நல்லதம்பியிடம் நேராகவே கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“ஒங்க அண்ணன் வண்டி ஆத்துல எறங்குனது ஒங்களுக்குத் தெரியாதாம்மா?”

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி. விளக்கு வைக்கிற நேரம். கொள்ளிடத்தில் கரை முட்ட வெள்ளம். வளைவில் சறுக்கிய வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, கரையோரக் கோரையில் மாட்டிக்கொண்டு கிடந்ததாம். வலது கதவு வழியாக ஜோஸ் மட்டும் ஏறி வந்தானாம். நல்லதம்பி கயிற்றோடு ஓடியிருக்கிறார்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேம்மா. யாரும் இல்லன்னாரு. உள்ளேருந்து தட்டுற மாதிரி சத்தம் வருதேன்னேன். கட்டை வந்து மோதுதுன்னாரு. வண்டிக்காரரே சொல்றப்ப நான் என்னம்மா பண்றது? மறுநா தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் டிராக்டர் கட்டி இழுத்தோம். இடது கதவு தெறந்து கெடந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல.”

“அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்டுச்சு?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் தோப்புக் கொட்டகையிலதான் இருந்தேன். எட்டு மணி வரைக்கும் கேட்டுச்சும்மா.”

எட்டு மணி.

அன்றைக்கு ஏழரை மணிக்கு அண்ணன் ஈரச் சட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மழை என்றான். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே பெங்களூரு பஸ் கதையைச் சொன்னான். நான் அழுதேன். என் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு பசிக்கிறது என்றான். டோனிக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைத்தான் போட்டேன். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கி, எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான்.