அப்பா விழுங்கும் வரை

புத்தூரில், பக்கவாதத்தால் தளர்ந்த அப்பாவுக்குக் கஞ்சி பருக்கியவாறே என் பட்டிமன்ற உரையை ஒத்திகையாக முழங்கினேன்.

"சரிதானே அப்பா?"

பதிலளிக்க முயன்றவருக்குப் புரையேறியது, மூச்சுத் திணறியது. பதறித் தண்ணீரை நீட்டினேன்.

"தண்ணி குடுக்காதை! முன்னுக்குச் சரிச்சுப் பிடி, இருமட்டும்!"

அன்றாடச் செயல்களை நோயாளிகளுக்கு மீளப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரான அக்கா, அடுத்த அறையில் தன் துறையினருக்கான இலவச இணையவழி வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். அப்பா இருமித் தேறினார்.

"விழுங்கேக்கை ஆரும் கேள்வி கேப்பினமோ?" என்று அக்கா சீறினாள்.

"பேச்சு நல்லம்," என்றார் அப்பா மெல்ல. "கஞ்சிதான் எதிரணி."

நோயாளிக்குப் போலவே பராமரிப்பவருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அன்றைய வகுப்பின் பாடமாம். அக்கா அப்பாவை நிமிர்த்தி அமர்த்தி, அடுத்த கரண்டியின்போது அவர் கழுத்தைக் கவனிக்க என்னிடம் சொன்னாள். குரல்வளை எழுந்து, மூச்சுவழியைக் காத்து, இறங்கியது. எந்த மேடையிலும் நான் அவ்வளவு வியந்ததில்லை.

இப்போதெல்லாம் கரண்டியை எடுத்தால் நான் பேசுவதில்லை. அந்த அசைவை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன்.