கூரை ஏறும் செல்வாம்பாள்

ஏணியின் பாதியில் நின்றுகொண்டு செல்வாம்பாள் புருஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏணியை அவர் இறுக்கிப் பிடித்தால் ஆடுகிறதாம், தளர்த்தினால் வழுக்குகிறதாம். "யோவ், நீ ஏணியப் புடிக்கிறியா, இல்ல ஏணி உன்னப் புடிச்சிக்கினு நிக்குதா?" கமலக்கண்ணன், ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டும்போதே கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன். அதனால் கருவடிக்குப்பத்து ஓட்டு வீட்டின் கூரை மொத்தமும் பெண்டாட்டி பொறுப்பு. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததிலிருந்து மார்கழிப் பனி ஓயும்வரை, வானம் கொஞ்சம் வெளுத்தால் அவள் மேலேதான் இருப்பாள்.

ஆள் நல்ல கனம். நைட்டிக்குள் புருஷனின் பழைய பேன்ட்டை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, தோளில் கோணிப்பையோடு ஏறுவாள். ஓடெல்லாம் நொறுங்கப்போகிறது என்று தெருவில் போகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். நொறுங்காது. அடியில் மரச்சட்டம் எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக மட்டும் பாதத்தைச் சாய்த்து வைத்து, நண்டு மாதிரி நகர்வாள். ஒரே ஒரு தடவை கூலிக்கு ஆள் கூப்பிட்டாள். "ரெண்டு ஓட்ட மாத்த வந்தவன் ஏழ ஒடச்சிட்டு, டீ இல்லியான்றான்." அதோடு ஆள் கூப்பிடுவது நின்றது.

டவுனில் பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போவாள். திரும்பும்போது வண்டியில் கால் வைக்கிற இடத்தில் நாலைந்து ஓடு இருக்கும். ஓடுகளோடு பேச்சுவார்த்தையும் உண்டு. எத்தனை தரம் அமுக்கினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கும் ஓட்டுக்குப் பெயர் மாமியா. "படு மாமியா, படு. செத்தும் எகிறிக்கினு நிக்காத."

பிழைப்பு இட்லி மாவு. லாஸ்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் காலேஜ் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் மாவில்தான் தோசை சுடுகிறார்கள், அல்லது கருக்குகிறார்கள். கிரைண்டர் நிற்பது நடுச்சுவர் மூலையில். பிளக் அங்கே மட்டும்தான். இந்தக் கார்த்திகையில் மழை வேறு எங்கேயும் ஒழுகாமல் சரியாக அந்த மூலையில் ஒழுகியது. குடையை விரித்து உத்தரத்தில் கட்டினாள். தண்ணீர் குடையில் வழிந்து நேரே பிளக்கில் சொட்டியது. ஸ்விட்சில் கை வைத்தவளைக் கரண்டு ஒரு தட்டு தட்டியது. கிரைண்டர் நின்றுபோனது.

"இன்னிக்கு மாவு இல்லன்னா பசங்க பாக்கெட் மாவு வாங்கிடுவானுங்க. ஒருதரம் நாக்கு பழகிட்டா அப்பறம் எவன் திரும்பி வருவான்?" என்றாள். சாயங்காலம் மறுபடி பெருமழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அந்த ஒழுகலை அடைத்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. கூரை ஒன்று, குடித்தனம் இரண்டு. கொழுந்தன் பெண்டாட்டி சுலோசனா வைகாசியிலிருந்து பேசுவதில்லை. செல்வாம்பாளின் மகள் தீபலட்சுமி கல்யாணத்துக்கு தெரு முனையில் பேனர் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் அதில் இருந்தது, யாரோ ஒரு சித்தப்பாவின் நாய்கூட இருந்தது. சுலோசனா முகம் இல்லை. பந்தியில் பாயசம் வருவதற்கு முன் எழுந்து போனவள்தான். மறுநாள் பேனரும் காணாமல் போனது.

அது எங்கே போனது என்று இன்றைக்கு மேலே ஏறியபோதுதான் தெரிந்தது. போன வாரம் ஏறியபோதுகூட அங்கே இல்லை. சுலோசனா பக்கத்துக் கூரைமேல் மகளும் மாப்பிள்ளையும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி மல்லாந்து கிடந்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு முகத்தின்மேலும் ஒரு செங்கல் துண்டு. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அரைச் செங்கல், நாய்க்குக் கால் செங்கல். செல்வாம்பாள் முகத்தின்மேல் மட்டும் முழு அம்மிக்கல்.

"அடிப்பாவி!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. சுலோசனா தன் பூனையிடம் பேசினாள். "பாத்தியாடி பூன? நம்ம தல மேல யாரோ நடக்கறாங்க. மூஞ்சி போட எடம் இல்லாதவங்களுக்குக் கால் வைக்க மட்டும் எடம் இருக்குது."

செல்வாம்பாளும் நேராகப் பேசுவாளா? தூக்கிக்கொண்டு நிற்கும் தன் ஓட்டைப் பார்த்துச் சொன்னாள். "மாமியா, நீயே கேளு. அம்மிக்கல்ல வெச்சி ஓட்ட ஒடச்சி, அந்தத் தண்ணி செவுத்துல எறங்கி எம் மாவுல சொட்டுது. நல்லா இருக்கட்டும்."

"பூன, எங் கட்டிலுந்தான் நனையுதுன்னு சொல்லு. எடம் பத்தல, சுலோசனா போட்டாவ எடுத்துடுன்னு செல்வாந்தான் சொன்னாளாம். அவங்க ஊட்டு ஆம்பளயே வந்து சொல்லிட்டுப் போனாரு."

போட்டாக்களைப் பேனர் கடையில் கொடுத்தது கமலக்கண்ணன். கடைக்காரன் மறந்துட்டான் என்று செல்வாம்பாளிடம் சொன்னதும் அவர்தான். கூரை விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

"யோவ். சுலோசனா போட்டாவ கடையில குடுத்தியா, இல்லியா?"

கமலக்கண்ணன் பாதாம் மரத்தைப் பார்த்தார். "மேசமேலயே மறந்து வெச்சிட்டேன். கேட்டா ரெண்டு பேரும் திட்டுவீங்கன்னுதான்..."

"அதுக்கு எம்பேரச் சொன்னியா?"

"எனக்குத் தல சுத்துது" என்று அவர் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

செல்வாம்பாள் நண்டு நடையில் திரும்பி வந்து, தன் முகத்திலிருந்து அம்மிக்கல்லை நகர்த்தினாள். உடனே பேனரில் அவள் கன்னம் உப்பியது. மறுபடி அமுங்கி மறுபடி உப்பியது. அடியிலிருந்து சுலோசனா ஒட்டடைக்கம்பால் குத்துகிறாள்.

"இங்கதான்க்கா! இந்த எடந்தான்! தெரியுதா?"

பூனை இல்லாமல் வந்த முதல் பேச்சு.

"தெரியுதுடி, கண்ணக் குத்திடாத! கம்ப உள்ள இழு!"

பேனரை ஒதுக்கினாள். ஓடு குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. மேல்வரிசை ஓட்டைக் கையால் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி, கோணியிலிருந்த நல்ல ஓட்டைச் செருகினாள். பேனரின் மேல்முனையை முகட்டு ஓட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள், தண்ணீர் தெருப்பக்கம் ஓடட்டும் என்று.

"போதுமாடி?"

"வெளிச்சம் தெரியலக்கா. அந்தக் கல்ல மட்டும் மறுபடி எம்பக்கம் வெச்சிடாதீங்க."

முதல் தூறல் விழுந்தது. கீழே கமலக்கண்ணன், "மழ வருது, எறங்குடி!" என்று கெஞ்சினார்.

பேனரின் கடைசி மூலை நடுச்சுவருக்கு நேர் மேலே விழுந்திருந்தது. எவ்வளவு கனமும் தாங்குகிற இடம். செங்கல் விலகிப்போய், படத்துக் கமலக்கண்ணன் அங்கே பட்டுச் சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். செல்வாம்பாள் அம்மிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி அந்தச் சிரிப்பின்மேல் வைத்து, ஆடுகிறதா என்று ஒருதரம் அமுக்கிப் பார்த்தாள்.