கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் நேரம்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டருக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன. சுவிட்சைப் போட்டால் சீக்கிரம் எழுந்திருக்காது. எழுந்திருக்கும்போது பேசும். அப்பாவுக்கு முதலாவது பெரிய குறை. அம்மாவுக்கும் எனக்கும் இரண்டாவது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. இலையைப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் வண்டிக் கூலிகூடத் தேறாது என்று குன்னூரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அப்பா வேலை பார்த்த தேயிலை புரோக்கர் ஆபீசிலும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் டைப் அடிக்கிற வேலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டில் வைத்து அடித்துக் கொடுத்தால் தருகிறோம் என்றார்கள். பூட்டிய ஃபேக்டரிகளின் மேசை நாற்காலிகளை வாங்கி விற்கும் ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சாக்கில் சுற்றி, மழையில் நனையாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆடி மாதம். பகலிலேயே மஞ்சு மூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். எதிர் வீடு தெரியாது. மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள் விளக்குப் போட்டிருப்பார்கள். அந்த விளக்கும் நிலையாக எரியாது, மரம் சாய்ந்து கரண்ட் போகும், வரும், போகும். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை முதலிலிருந்து எழுப்ப வேண்டும். அது எழுந்து முடிப்பதற்குள் மறுபடியும் கரண்ட் போய்விடும். சில நாட்களில் அப்பா ஒரு வரிகூட அடிக்காமல், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, அது எழுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திரை கறுப்பாக இருக்கும். பிறகு நீலமாகும். உள்ளே எதையோ பிராண்டுவது போலச் சத்தம் கேட்கும். அப்புறம்தான் அந்தக் குரல்.

"இரு... இரு... இரு... ங்க... எந்... எந்... திரி..."

அதற்குமேல் தொண்டையில் மண் அடைத்த மாதிரி ஒரு கரகரப்பு. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் நிற்கும். முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடியும், "எந்... திரி... ச்..." என்று இழுத்துவிட்டு அடங்கும்.

எழுந்திருக்கிறேன் என்று சொல்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் என் தம்பி. அவன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதே மாதிரி சொல்லி என்னை அழ வைப்பான். அதன் பிறகு நான் அந்த அறை வழியாகப் போகும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டே போவேன். படுத்துக் கிடக்கிற யாரோ, மேலே எதுவோ அழுத்த, எழுந்திருக்கப் பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

"ஏனுங்க, அதைக் கொண்டுபோயி குடுத்துருங்க. ஊட்டுக்குள்ள வெச்சுக்கிற பொருளாட்டம் தெரியல," என்றாள் அம்மா.

"ஸ்பீக்கரு ரிப்பேரு. அவ்வளவுதான்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடும்போது அதன் பின்பக்கமும் போட்டாள். திரைக்கு மேலே விபூதி பூசினாள். அப்பா வேலைக்கு உட்காரும் முன் அதைத் துடைத்துவிட்டு உட்காருவார். ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழற்றிய பிறகும் அது பேசினால் என்ன செய்வது என்ற பயம் அம்மாவுக்கு இருந்திருக்கலாம்.

கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து மாமாவை வரச் சொன்னார்கள். அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு ஒரு கடையில் வேலைக்கு இருந்தார். ரயிலை விட்டு இறங்கும்போதே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்குரூ டிரைவரும், காகிதத்தில் பொதிந்த பச்சை நிறப் பட்டை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அதுதான் அதற்கு ஞாபக சக்தி என்றார்.

அவர் முன்னால் ஒரு தடவை அதை எழுப்பிக் காட்டினோம். குரல் வந்ததும் மாமாவின் சிரிப்பு கொஞ்சம் மாறியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க மச்சான். எந்திரிக்கறப்பவே பத்து வேலைய ஒண்ணாத் தலையில ஏத்திக்கிட்டு எந்திரிக்குது. தெம்பு இல்ல. அதுல இந்தப் பேச்சும் நடுவுல மாட்டிக்கிட்டுத் திக்குது."

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளிருந்து கறுப்பாகப் பொடி கொட்டியது. தேயிலைத் தூள். காற்றாடியிலும் கம்பிகளிலும் அப்பிக் கிடந்தது. அறை முழுவதும் ஃபேக்டரி வாசம்.

"அக்கா, இத வடிகட்டுனா தெருவுக்கே டீ போடலாம்," என்றார் மாமா. அம்மா சிரித்தாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினார். பட்டையைப் பொருத்தினார். பிறகு திரைக்கு முன் உட்கார்ந்து, எழும்போதே தானாகக் கிளம்பும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்தினார். இல்லாத பிரிண்டரைத் தேடும் புரோகிராம் ஒன்று. என்றைக்கோ நின்றுபோன ஆபீசுக்கு ஃபேக்ஸ் அனுப்பக் காத்திருக்கும் புரோகிராம் ஒன்று. ஃபேக்டரி பூட்டியது இதுகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கு என்றார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் செய்தார். பிறகு அணைத்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகி, உடனே நீலமானது. பிராண்டும் சத்தம் இல்லை. என் பயம் இன்னும் தயாராகக்கூட இல்லை, அதற்குள் குரல் வந்துவிட்டது.

"இருங்க, எந்திரிச்சுட்டே இருக்கேன். அதுக்குள்ள போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துருங்க."

முடிவில் அடக்க முடியாமல் வெடித்த ஒரு சிரிப்பு. இளம் பெண்ணின் குரல். நம் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவு.

தம்பி கைதட்டினான். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளும் நாங்கள் நடுங்கியது ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு. ஆபீசில் இருந்த ஆபரேட்டர் பெண் யாரோ, மெஷின் எழ நேரமாகிறதே என்று கிண்டலாகத் தன் குரலையே பதிந்து வைத்திருக்கிறாள் என்று மாமா விளக்கினார்.

"இதையும் எடுத்துட்டா இன்னும் கொஞ்சம் வேகமா வருமுங்க மச்சான்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள். குரல் கரகரத்தபோதுகூட அவர்கள் முகம் அப்படி ஆனதில்லை.

"இன்னொருக்கா போடு," என்றார் அப்பா.

மாமா அணைத்துவிட்டுப் போட்டார். இருங்க, எந்திரிச்சுட்டே இருக்கேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தடவை மாமாவே தயங்கினார். வெளியே மஞ்சு ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் இருப்பது போல இருந்தது. "அத எடுக்க வேண்டாம். இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார்.

அந்தக் குரல் அப்பாவின் கூடப்பிறந்த தங்கையுடையது. எனக்கு அத்தை. இதை அம்மா என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. சிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட் குடும்பத்துப் பையன் ஒருவரைக் கட்டிக்கொண்டு அத்தை வீட்டைவிட்டுப் போனபோது நான் கைக்குழந்தை. அத்தை பேரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று அப்பா யாரிடமும் கேட்டதுமில்லை. விலைக்கு வாங்கிய பெட்டிக்குள் அவர் இருந்தது தற்செயல்தான். மலையில் பூட்டிய ஃபேக்டரிகளுக்குக் கணக்கில்லை. அத்தனையிலும் இது எங்கள் வீட்டைத் தேடி வந்ததைத் தற்செயல் என்று ஏற்றுக்கொள்ள அம்மாவால் கடைசிவரை முடியவில்லை.

குரலைக் கேட்ட மறுநாள் விடிந்ததும் அப்பா, பெட்டியை விற்றவரிடம் போய் அது எந்த ஃபேக்டரி என்று கேட்டிருக்கிறார். நடுவட்டம் தாண்டி என்றாராம். ஊட்டி போய் பஸ் மாறிப் போயிருக்கிறார். ஃபேக்டரி கேட்டில் பூட்டு. பின்னால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதி காலி. மிச்சமிருந்த, சிலோனிலிருந்து வந்த ஒரு வயசான அம்மா, அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் புள்ளைட அண்ணனா?" என்று கேட்டாராம். போன மழையிலேயே அத்தை காய்ச்சலில் போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் இறங்கிவிட்டார்.

"செத்தாலும் எனக்குச் சொல்லி விடாதீங்கன்னு உங்கப்பா அன்னிக்கு வாய்விட்டுட்டாரு கண்ணு. அவிங்களும் அதே மாதிரி சொல்லி விடல," என்றாள் அம்மா.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான். பொழுது சாயும் நேரம் அப்பா திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் இருந்த வெந்நீரை எடுக்கப் போனாள். "பச்சைத் தண்ணியே போதும்," என்றார். அந்தக் குளிரில், போட்டிருந்த சட்டையோடு, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். பல் கிட்டிப்போயும் நிறுத்தவில்லை. பிறகு அம்மாவும் குளித்தாள். எனக்கும் தம்பிக்கும் தலைக்கு ஊற்றினாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, பண்டிகையும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. மாமா ஒரு மூலையில் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவரைச் சந்தோஷப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஈரத் தலையோடு போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

"அப்பா, பாருங்க, எத்தன சீக்கிரம்."

திரை நீலமானது. அத்தையின் குரல் அறைக்குள் வந்தது. இருங்க, எந்திரிச்சுட்டே இருக்கேன்.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை.

"மெதுவா எந்திரி சாமி," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வேகமாக எழ வேண்டும் என்றுதானே கோயம்புத்தூரிலிருந்து மாமாவையே வரவழைத்தார், இப்போது மெதுவாக எழச் சொல்கிறாரே என்று.